அறளையை நோயென்று காட்டிய அறிஞர்

முதுமையும் மறதியும் உடன்பிறந்தவை என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள எண்ணம். எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், வயது முதிர்ந்த பெத்தா ஒருத்தி சற்றுமுன் உண்ட சோற்றை உண்ணவேயில்லை என்று சாதித்தாலும், பெற்ற மகளையே அயல்வீட்டுப் பெண்ணென்று எண்ணினாலும், அறளை பெயர்ந்துவிட்டது என்று சொல்லி நாம் அமைந்துவிடுகிறோம். அச்சொல்லிலே சிறிது நகை உண்டு. சிறிது சலிப்பும் உண்டு. நோய் என்ற நினைவு மாத்திரம் அதில் இல்லை.

நரைக்கும் திரைக்கும் எவரும் வைத்தியரை நாடுவதில்லை. அறளையையும் அவற்றோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது என்பதற்கு முதற் சான்று தந்தோருள் தலையாயவர் ஜேர்மன் நாட்டு வைத்தியர் அலோயிஸ் அல்சைமர். இன்று அவர் பெயர் ஒரு நோயின் பெயராகிவிட்டது. நோயை அறிந்தோர் பலர்; அப்பெயருக்குரிய மனிதரை அறிந்தோர் சிலரே. அன்னாரின் வாழ்க்கையையும், அவர் இட்ட வித்திலிருந்து கிளைத்து, மூளையில் அழற்சியை எழுப்பும் புரதங்கள் வரை சென்றுள்ள இன்றைய அறிவையும் இங்கே சுருங்கக் கூறுவாம்.

தமிழாசிரியனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். விஞ்ஞானத்தைத் தமிழிற் கூறுதற்கு வேண்டிய கலைச்சொற்களை ஆக்கும் பணியிலும் முன்னின்றவர். அவர் பிறந்த மண்ணில் இக்கேள்விக்கு வேறு விடை வேண்டுவதில்லை.

இளமையும் கல்வியும்

ஜேர்மனியின் தென்பகுதியாகிய பவேரியாவிலே, மைன் ஆற்றங்கரையில் உள்ளது மார்க்பிரைட் என்னும் சிற்றூர். அவ்வூரில் 1864ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆந் திகதி அலோயிஸ் பிறந்தார். தந்தையார் நொத்தாரிசுத் தொழில் புரிந்தவர். பிள்ளைகளின் கல்வியைக் கருதி அக்குடும்பம் அஷாபன்பேர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளிப் படிப்பை முடித்த அலோயிஸ், பேர்லின், தியூபிங்கன், வூர்ஸ்பேர்க் ஆகிய நகர்களின் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார்.

1887ஆம் ஆண்டு பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வு, காதுக் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது. பொருள் சிறிதாகத் தோன்றினும் அதனால் விளைந்த பயன் பெரிது. கண்ணுக்குப் புலப்படாத கலங்களை நுணுக்குக்காட்டியின் வழியே பொறுமையுடன் நோக்கும் பழக்கம் அவருக்கு அப்போது கைவந்தது. அக்கருவி அவர் வாழ்நாள் முழுவதும் பிரியாத துணையாயிற்று.

பிராங்போட் நகரில்

1888ஆம் ஆண்டின் இறுதியில் பிராங்போட் நகர மனநோயாளர் இல்லத்தில் அவர் உதவி வைத்தியராக அமர்ந்தார். எமில் சியோலி என்பார் அதன் தலைவர். நோயாளரைக் கட்டி வைத்தலையும் அடைத்து வைத்தலையும் இயன்றவரை ஒழித்து, அவரோடு உரையாடி, வெந்நீர்த் தொட்டிகளில் நெடுநேரம் இருத்தி அமைதியுறச் செய்யும் முறையைச் சியோலி கைக்கொண்டார். மனநோயாளரை விலங்கினும் கீழாக நடத்திய காலம் முற்றும் அகலாத அந்நாளில் இஃது ஓர் அறச்செயலே.

அடுத்த ஆண்டு பிரான்ஸ் நிசில் என்னும் இளைஞர் அங்கு வந்து சேர்ந்தார். நரம்புக் கலங்களுக்குச் சாயமூட்டி அவற்றின் உருவைத் தெளிவாகக் காட்டும் முறையைக் கண்டவர் அவர். இருவரும் பகலில் நோயாளரின் படுக்கை அருகிலும் இரவில் நுணுக்குக்காட்டியின் முன்னும் இருந்து உழைத்தனர். நோயாளரின் நடத்தையை எழுதி வைப்போர் ஒரு சாரார். இறந்தோரின் மூளையை ஆராய்வோர் மற்றொரு சாரார். அல்சைமர் இவ்விரண்டையும் தம் ஒருவர் கையிற் கொண்டு இணைக்க முயன்றார். அவருடைய வெற்றிக்கெல்லாம் அடிப்படை இதுவே.

இக்காலத்தில் செசிலி என்னும் கைம்பெண்ணை அவர் மணந்தார். மக்கள் மூவர் பிறந்தனர். அவ்வம்மையார் செல்வ வளம் மிக்கவர். எனினும் அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செசிலி காலமானார். மூன்று குழந்தைகளுடன் தனித்து நின்ற அல்சைமரின் இல்லத்தைத் தாங்க அவருடைய தங்கை எலிசபெத்து வந்தார். துயரத்தை ஆற்றுதற்கு அவர் நாடிய வழி உழைப்பு ஒன்றே.

ஓகஸ்ட் என்னும் நோயாளி

அவ்வாண்டு நவம்பர் மாதம் 25ஆந் திகதி, ஓகஸ்ட் டீட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி அவ்வில்லத்தில் அனுமதிக்கப்பட்டார். அவருடைய கணவர் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர். சில மாதங்களாக அப்பெண்மணி காரணமின்றிக் கணவர்மேல் ஐயுற்றார், சமையலிலே தவறினார், பொருள்களை ஒளித்து வைத்துப் பின் தேடினார், வீட்டினுள்ளே வழி தெரியாது அலைந்தார்.

அல்சைமர் அவர் அருகில் அமர்ந்து எளிய வினாக்களைக் கேட்டார். பெயரைக் கேட்டபோது தம் பெயரைச் சரியாகவே சொன்ன அவ்வம்மை, கணவர் பெயரைக் கேட்டபோதும் தம் பெயரையே சொன்னார். பன்றியிறைச்சியும் பூக்கோவாவும் உண்டுகொண்டிருக்கையில், உண்பது யாதெனக் கேட்க, கீரை என்றார். காட்டிய பொருள்களின் பெயரைக் கூறினார். சிறிது பொழுதில் அவற்றைக் கண்டதையே மறந்தார். எழுதத் தொடங்கினால் தம் பெயரையும் முடிக்க இயலாது தயங்கினார். தம்மை ஏதோ கைவிட்டுப் போகின்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதே இதில் மிகவும் நெஞ்சை உருக்குவது. இவற்றையெல்லாம் அல்சைமர் நாள்தோறும் கேட்டுக் குறித்து வைத்தார்.

முதியோரிடம் இத்தகைய நிலையை வைத்தியர்கள் கண்டிருந்தனர். 51 வயதிலே இவ்வாறு நேர்ந்ததே அவரைச் சிந்திக்கச் செய்தது. முதுமை வருமுன்னரே வந்த இந்நிலைக்கு முதுமை எவ்வாறு காரணமாகும்?

மியூனிச் ஆய்வுகூடம்

1902ஆம் ஆண்டு ஹைடல்பேர்க் நகருக்கும், அடுத்த ஆண்டு மியூனிச் நகருக்கும் அல்சைமர் சென்றார். மனநோய்களை வகைப்படுத்திப் புகழ்பெற்ற எமில் கிரெப்பலின் அவரை அழைத்திருந்தார். மியூனிச்சில் முதலில் ஊதியமின்றியே உழைத்தார். மனைவியார் விட்டுச்சென்ற செல்வம் அதற்கு உதவிற்று. பிற்காலத்தில் தத்தம் பெயரால் நோய்கள் வழங்கப்பெற்ற யாக்கோப், லூயி ஆகியோரும், ஆபிரிக்க வழிவந்த மனநோய் வைத்தியராகிய சொலமன் காட்டர் புல்லரும் அவருடைய ஆய்வுகூடத்தில் பயின்றோர் ஆவர். ஒவ்வொரு மாணவர் அருகிலும் அமர்ந்து நுணுக்குக்காட்டியை நோக்கி விளக்குவது ஆசிரியரின் வழக்கம். விளக்கும் ஆர்வத்தில் கையிலுள்ள சுருட்டைக் கீழே வைத்தால் அதனை மறந்துவிடுவார். மாலையில் மாணவர் ஒவ்வொருவர் மேசையிலும் அணைந்த சுருட்டுத் துண்டொன்று கிடக்கும் என்பர்.

தொலைவிலிருந்தும் ஓகஸ்ட் அம்மையாரின் நிலையை அவர் கேட்டறிந்துவந்தார். அவ்வம்மை ஒடுங்கிப் படுக்கையிற் கிடந்து, படுக்கைப் புண்ணால் குருதி நஞ்சாகி, 1906ஆம் ஆண்டு ஏப்பிரில் 8ஆந் திகதி உயிர்நீத்தார். சியோலி அவருடைய மூளையையும் நோய்க்குறிப்பேட்டையும் மியூனிச்சுக்கு அனுப்பிவைத்தார்.

மாக்ஸ் பீல்சொவ்ஸ்கி சில ஆண்டுகளின் முன் கண்ட வெள்ளிச் சாயமுறையைக் கையாண்டு அல்சைமர் அம்மூளையை ஆராய்ந்தார். மூளையின் மேற்பட்டை மெலிந்திருந்தது. நரம்புக் கலங்கள் பலவற்றுள் நார்கள் திரண்டு முறுக்குண்டு கிடந்தன. சில கலங்கள் அழிந்துபோக, அம்முறுக்கு மாத்திரம் எஞ்சியிருந்தது. கலங்களுக்கு வெளியே, பட்டையெங்கணும், தினையளவிலும் சிறிய படிவுகள் சிதறிக் கிடந்தன. நரம்புக் கலங்களைச் சூழ்ந்து நின்று தாங்கும் துணைக்கலங்களும் மாறுபட்டிருந்தமையை அவர் குறிக்கத் தவறவில்லை. இம்மூன்றாவது குறிப்பைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

1906ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி தியூபிங்கன் நகரிற் கூடிய மனநோய் வைத்தியர் மாநாட்டில் தாம் கண்டவற்றை அவர் எடுத்துரைத்தார். அவையோர் ஒரு வினாவேனும் எழுப்பினாரல்லர். தலைமை வகித்தவர் அடுத்த பேச்சாளரை அழைத்தார். உலகப் புகழ்பெறப்போகும் கண்டுபிடிப்பொன்று அவ்வாறு மௌனத்திலே பிறந்தது. 1910ஆம் ஆண்டு கிரெப்பலின் தமது பாடநூலின் எட்டாம் பதிப்பில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

இறுதி நாட்கள்

1912ஆம் ஆண்டு பிரெஸ்லோ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. இன்று போலந்து நாட்டில் விரொத்சுவாப் என வழங்குவது அந்நகரே. அங்குச் செல்லும் வழியில் அவர் நோயுற்றார். தொண்டையிற் பற்றிய நோய் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கிற்று. பழைய உடல்நலம் பின்னர் மீளவேயில்லை. ஆயினும் மூன்றாண்டுகள் கற்பித்தும் ஆராய்ந்தும் உழைத்து, 1915ஆம் ஆண்டு திசம்பர் 19ஆந் திகதி தமது 51ஆம் வயதில் காலமானார். ஓகஸ்ட் அம்மையார் அவர் முன் வந்து அமர்ந்தபோதும் அவ்வயதே. பிராங்போட் நகரில் மனைவியார் அருகில் அவர் அடக்கஞ் செய்யப்பெற்றார்.

முதுமைக்கும் உரிய நோய்

அல்சைமர் மறைந்தபின் அறுபது ஆண்டுகள் வரை, அவர் பெயர் பூண்ட நோய் நடுவயதினர்க்கு வரும் அரிய நோய் என்றே கருதப்பட்டது. முதியோரின் அறளை வேறு, இயல்பானது, என்று வைத்தியரும் எண்ணினர். பிராக் நகரத்து ஒஸ்கர் பிஷர் என்பார் அறிவு தடுமாறி இறந்த முதியோர் பலரின் மூளையில் அதே படிவுகளை 1907ஆம் ஆண்டிலேயே கண்டு வெளியிட்டிருந்தும், அது போற்றப்படவில்லை. 1968இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகர வைத்தியர்கள், முதியோரின் அறிவுத் தடுமாற்றம் மிகுந்த அளவுக்கு மூளைப் படிவுகளும் மிகுந்திருத்தலை எண்ணிக் காட்டினர். 1976இல் ரொபேட் காட்ஸ்மன் என்னும் அமெரிக்க வைத்தியர், நடுவயதில் வருவதும் முதுமையில் வருவதும் ஒரே நோயென வற்புறுத்தினார். அன்றுதொட்டே உலகம் விழித்தது. 2021ஆம் ஆண்டில் அறிவிழப்பு நோயோடு வாழ்ந்தோர் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவருள் நூற்றுக்கு 60 முதல் 70 பேரை வருத்துவது அல்சைமர் நோயே.

காவலே தீயாகும் கதை

நரம்புக் கலங்களுக்கு வெளியே உள்ள படிவு அமிலோயிட் பீட்டா என்னும் புரதம் என்பது 1984ஆம் ஆண்டிற்குப்பின் தெளிவாயிற்று. உள்ளே முறுக்குண்ட நார்கள் டோ என்னும் புரதத்தால் ஆனவை. இவ்விரண்டோடு கதை முடிந்துவிடவில்லை. அல்சைமர் குறித்துவைத்த துணைக்கலங்கள் இப்போது அரங்கிற்கு வருகின்றன.

அத்துணைக்கலங்களுள் ஒரு வகையை 1919ஆம் ஆண்டு ஸ்பானிய அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்ட்டேகா பிரித்தறிந்தார். மூளையின் காவலர் அவையே. மூளையைச் சுற்றி வந்து, கிருமியையும் கழிவையும் கண்டால் விழுங்கி அகற்றுவன. உடலிற் காயம்பட்ட இடம் சிவந்து வீங்கி வெம்மைகொள்ளுதலை அழற்சி என்கிறோம். அது பகையை எதிர்க்கும் உடலின் போர். மூளையிலே அப்போரை நடத்துவன இக்காவற்கலங்கள். 1980களில் கனடாவின் வான்கூவர் நகரில் பற்றிக் மக்கீரும் எடித் மக்கீரும், அல்சைமர் நோயாளரின் மூளைப் படிவுகளைச் சூழ இக்கலங்கள் கிளர்ச்சியுற்று மொய்த்து நிற்பதைக் காட்டினர். 1989இல் சூ கிரிபின் முதலானோர், இக்கலங்களில் இன்டர்லூக்கின் 1 என்னும் அழற்சிப் புரதம் மிகுந்திருத்தலைக் கண்டனர்.

படுவான்கரை வெள்ளாமைக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இரவில் யானை வயலில் இறங்கினால் பரணிலிருக்கும் காவலர் தீப்பந்தம் ஏந்தி விரட்டுவர். யானை போனதும் பந்தம் அணைந்துவிட்டால் பயிர் பிழைக்கும். யானை போகாது நின்றுவிட, பந்தமும் இரவெல்லாம் எரிந்து, பொறி வைக்கோலிற் பற்றிக்கொண்டால், யானை தின்றதினும் தீ தின்றது மிகுதியாகும். அமிலோயிட் படிவு எளிதில் அகலாத யானை. அதனை விழுங்க முயன்று இயலாத காவற்கலங்கள், இன்டர்லூக்கின் முதலிய அழற்சிப் புரதங்களை ஓயாது சொரிகின்றன. ஆண்டுக்கணக்கில் நீளும் அவ்வழற்சியால் அயலிலுள்ள நரம்புக் கலங்களும் நலிகின்றன.

குருதியிற் கிருமிகளுக்கு அடையாளமிடும் நிரப்புப் புரதங்கள் என்னும் ஒரு கூட்டமும் உண்டு. நரம்புக் கலம் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இணைப்புகளின்மேல் இப்புரதங்கள் தவறாகப் படிந்துவிட, காவற்கலங்கள் அவ்விணைப்புகளைக் கழிவென எண்ணி விழுங்கிவிடுவதை 2016இல் எலிகளில் நடத்திய ஆய்வு காட்டிற்று. நினைவு என்பது அவ்விணைப்புகளிலே தங்குவது. அவை அழிய நினைவும் அழியும் என்பது சொல்லாமலே அமையும்.

அவ்வாறாயின் அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால் நோய் தீருமன்றோ? மூட்டுவாதத்துக்காக அத்தகைய மருந்துகளை நெடுங்காலம் உட்கொண்டோரிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டதால், அறிஞரும் அவ்வாறே நம்பினர். 70 வயதும் அதற்கு மேலுமானோர் 2,500இற்கு மேற்பட்டவருக்கு அத்தகைய இரு மருந்துகள் அமெரிக்காவிற் கொடுத்துச் சோதிக்கப்பட்டன. காப்பு எதுவும் கிட்டவில்லை. இதயத்துக்குத் தீங்கு நேருமோ என்ற ஐயத்தால் 2004இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. 2012ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான வேறோர் ஆய்வு இதன் காரணத்தை ஓரளவு உணர்த்திற்று. காவற்கலங்களின் செயலுக்கு வேண்டிய ட்ரெம் 2 என்னும் புரதத்தின் பரம்பரையலகில் ஓர் அரிய பிறழ்ச்சி உடையோருக்கு இந்நோய் ஏறக்குறைய மும்மடங்கு மிகுதியாக வருகின்றது. காவல் மிகினும் கேடு, குறையினும் கேடு. பந்தத்தை முற்றும் அணைத்துவிட்டால் யானைக்குக் கொண்டாட்டம். எப்போது ஏற்றுவது, எப்போது அணைப்பது என்பதையே இன்று உலகெங்கும் ஆராய்கின்றனர்.

படிவை அகற்றும் லெக்கனெமாப் என்னும் மருந்தை 2023ஆம் ஆண்டு அமெரிக்கா முழுமையாக ஏற்றது. அது நோயின் வேகத்தைச் சிறிது தணிக்கின்றதேயன்றி நோயை நீக்குவதில்லை. சிலருக்கு மூளை வீக்கத்தையும் சிறு குருதிக்கசிவையும் அது விளைப்பதுண்டு.

நாம் செய்யத்தக்கது

மருந்து வரும்வரை கைகட்டி இருத்தல் வேண்டா. கல்விக் குறைவு, கேள்விக் குறைவு, பார்வைக் குறைவு, உயர்ந்த குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், தனிமை முதலிய 14 காரணங்களை வாழ்நாள் முழுவதும் கவனித்தால், அறிவிழப்பு நோயுள் நூற்றுக்கு 45 பங்கு வரை தடுக்கவோ தாமதிக்கவோ கூடும் என 2024இல் அறிஞர் குழுவொன்று மதிப்பிட்டது. இவற்றுள் பல நம் வீட்டு வாயிலிலேயே உள்ளவை. காது மந்தமான பெரியவரைப் பேச்சிலிருந்து ஒதுக்குவதும், பிள்ளைகள் கடல்கடந்து சென்றபின் தாய் தனித்திருப்பதும் சிறிய செய்திகளல்ல.

இந்நோய் முதலில் தாக்குவது அண்மை நினைவை. நேற்று வந்தவரை மறந்த அண்ணாவியார் இளமையில் ஆடிய வடமோடிக் கூத்தின் விருத்தங்களை வழுவின்றிப் பாடக் காண்பதுண்டு. அதுகண்டு அவர் நடிக்கின்றார் என எண்ணுதல் கூடாது. பழைய நினைவு நிற்கப் புதியது நில்லாமையே நோயின் இயல்பு. அவரை எதிர்த்து வாதிடுதலும் எள்ளி நகைத்தலும் பயனற்றவை. வைத்தியரிடம் காட்டல் வேண்டும். மறதிக்குக் காரணம் சிலவேளை உயிர்ச்சத்துக் குறைவோ கேடயச் சுரப்பியின் தளர்வோ ஆகவும் இருக்கலாம். அவற்றைக் குணப்படுத்தல் கூடும். அல்சைமர் நோயேயாயினும், படுக்கையிற் கிடப்பவரைப் புரட்டிக் கிடத்திப் புண் வாராது காத்தல் எவராலும் இயலும். ஓகஸ்ட் அம்மையார் உயிரைக் கொண்டுசென்றது மறதியன்று, படுக்கைப் புண்ணே என்பதை நினைவிற் கொள்க.

பிராங்போட் வைத்தியசாலைக் களஞ்சியத்தில் மறைந்து கிடந்த அவ்வம்மையாரின் நோய்க்குறிப்பேடு 1995ஆம் ஆண்டு மீண்டும் கிடைத்தது. அல்சைமர் தம் கையாலேயே எழுதிய தாள்கள் அவை. ஏழை எழுதுவினைஞரின் மனைவியொருத்தி தட்டுத்தடுமாறிச் சொன்ன விடைகளை, ஒன்றும் விடாது, அவர் எழுதி வைத்திருந்தார். அறளை என்ற சொல் நம் நாவிலிருந்து அகலாது, அகலவும் வேண்டியதில்லை. அச்சொல்லைக் கேட்டதும் நகைக்கும் பழக்கம் ஒழிந்து, அருகில் அமர்ந்து கேட்கும் பழக்கம் நம்மிடையே வருமாயின், அல்சைமர் வாழ்ந்த வாழ்வின் பயன் வாவிக்கரை வரையும் வந்து சேர்ந்ததாகும்.